இது எந்தப் படத்துப் பாட்டு?

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அனுமதி மேசை அவர்களுக்கு,

திருத்தணி ரசிகன் ஒருவன் தண்டனிட்டு எழுதிக்கொள்வது. தாங்கள் எந்தத் துறையில், எந்தக் கட்டடத்தில், எத்தனையாவது மாடியில் வீற்றிருக்கிறீர்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற அலுவலகத்து மேசைகள் மனத்தாங்கல் கொள்ளும். இந்தப் பெருமையில் அவற்றுக்கும் பங்கு உண்டல்லவா?

எங்கள் ஊர்ப் பையன்கள் நாலு பேரின் கச்சேரிக்குத் தாங்கள் மனமுவந்து அளித்த அனுமதிக் கடிதத்தை லேமினேஷன் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். 'இசை நிகழ்ச்சி நடத்த அனுமதி அளிக்கப்படுகிறது. ஒலிபெருக்கி, டிரம்ஸ் மற்றும் ஒலி எழுப்பும் சாதனங்கள் பயன்படுத்தக் கூடாது.' இரண்டே வரி. இசைக்குச் சம்மதம், சத்தத்துக்குத் தடை. சங்கீத சாஸ்திரம் எழுதிய பெரியவர்கள் யாருக்கும் இந்த நுட்பம் பிடிபடவில்லை.

மனு, சலான், முத்திரைத்தாள், தடையின்மைச் சான்று ஆகியவற்றைப் பற்றிப் புலம்பி நேரத்தை வீணாக்க மாட்டேன். நாங்கள் மலையேறிப் பழகியவர்கள், படிகள் எங்களுக்குப் புதிதல்ல. நேராகக் கருவறைக்கு வருகிறேன்.

"எந்தக் கட்சி?" என்றீர்கள். கட்சி இல்லைங்க சார். "கோயில் நிகழ்ச்சியா?" இல்லைங்க. "யார் வீட்டுக் கல்யாணம்?" கல்யாணம் இல்லைங்க, கச்சேரி. தாங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தீர்கள். கட்சியும் இல்லாமல், சாமியும் இல்லாமல், தாலியும் இல்லாமல் ஒருத்தன் எதற்காக வாயைத் திறக்க வேண்டும்? நியாயமான கவலை. பிறகு பாட்டுப் பட்டியலைக் கேட்டீர்கள். மூன்று கட்டம்: வரிசை எண், பாடல், படத்தின் பெயர். பத்துப் பாட்டும் பையன்களே எழுதி மெட்டுப் போட்டவை. ஆகவே மூன்றாவது கட்டத்தில் பத்து இடத்திலும் 'இல்லை' என்று எழுதினார்கள். தாங்கள் மேலிருந்து கீழே விரலை ஓட்டிவிட்டு, "இல்லைன்னு ஒரு படம் வந்துச்சா? ஒரே படத்துல பத்துப் பாட்டா? யாருப்பா மியூசிக்?" என்று கேட்டீர்களே, அந்தக் கணத்தில்தான் என் கண் திறந்தது.

படத்தின் பெயர் இல்லாத பாட்டு எவ்வளவு பெரிய குற்றம்! அதுவும் எங்கள் ஊர் இந்தக் குற்றத்தின் தலைநகரமாகவே இருந்திருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் இந்த மலைக்கு வந்தபோது ஒரு முதியவர் வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டைப் போட்டார் என்றும், அடுத்த நொடியே மாயாமாளவகௌளையில் அவருடைய முதல் கிருதி பிறந்தது என்றும் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அதில் தொடங்கி எட்டு வேற்றுமைக்கும் ஒவ்வொன்றாகக் கிருதி செய்தார். எட்டும் எந்தப் படம்? தெரியாது. அன்றைக்குத் தாங்கள் அடிவாரத்தில் இருந்திருந்தால் கற்கண்டைப் பறிமுதல் செய்து, முதியவரிடம் ஆதார் அட்டை கேட்டு, தீட்சிதரைத் திருவாரூருக்கே பஸ் ஏற்றி அனுப்பியிருப்பீர்கள். கர்நாடக சங்கீதத்துக்குப் பாதி சுமை குறைந்திருக்கும்.

அருணகிரிநாதர் இன்னும் பெரிய குற்றவாளி. இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் திருப்புகழ் மட்டுமே 1,300-க்கும் மேல். அதில் எங்கள் தணிகைமலைமேல் பாடியவை கணிசம். 1,300 பாட்டுக்கு எத்தனை படிவம்! அத்தனையிலும் மூன்றாவது கட்டம் காலி. போதாததற்குத் தாளத்தை வாயாலேயே போட்டவர். 'டிரம்ஸ் மற்றும் ஒலி எழுப்பும் சாதனங்கள்' என்ற தங்கள் நிபந்தனையின்கீழ் அவர் நாக்கு வருமா, வராதா என்பதைத் தாங்கள்தான் தெளிவுபடுத்த வேண்டும்.

டிசம்பர் 31 படித் திருவிழாவை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. 365 படிக்கும் பூசை செய்து, படிக்கொரு திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைமார் மேசைக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தோடு நின்ற கூட்டத்தைத் தணிகைமலைத் துரையின் பக்கம் திருப்புவதற்காக வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம் அது. நூறு வருஷம் தாண்டிவிட்டது. மேசைக்கு முன்னால் நிற்பதைவிடப் பாடிக்கொண்டு மலையேறுவது மேல் என்று ஒரு சாமியாரே ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை.

படமில்லாமல் பாடும் இந்த நோய் சென்னைக்கும் பரவிவிட்டது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியது. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில், சாதியைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டுக்கொண்டு. சேர்த்து வைத்தவர்கள் டென்மாவும் பா.ரஞ்சித்தும். ரஞ்சித் சினிமா இயக்குநர்! கையில் படம் இருந்தும் அந்தப் பாட்டுகளைப் படத்தில் வைக்காமல் மேடையில் வைத்தார். தங்கள் மூன்றாவது கட்டத்தை வேண்டுமென்றே அவமதித்த செயல் இது. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடிய 'எஞ்ஜாயி எஞ்சாமி' கோடிக்கணக்கான காதுகளுக்குப் போனது. கல்யாண வீட்டில் போடுகிறார்கள், பள்ளி ஆண்டு விழாவில் ஆடுகிறார்கள். எந்தப் படம் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேரளத்தில் 'அவியல்' என்றொரு குழு மலையாளத்திலேயே ராக் பாடி 2008-ல் ஆல்பம் போட்டது. லிவர்பூலில் கேவர்ன் என்ற நிலவறை கிளப்பில் நாலு பையன்கள் முந்நூறு தடவைக்குக் கொஞ்சம் குறைவாக வாசித்தார்கள். ஆனால் அவர்கள் புத்திசாலிகள். 1964-ல் ஒரு படத்தில் நடித்துவிட்டார்கள். பீட்டில்ஸ் தங்களிடம் வந்தால் படிவம் பூர்த்தி. எங்கள் பையன்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இந்தச் சகவாசம் எனக்கு எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். குரங்கன் என்ற பெயரில் கபேர் வாசுகியும் டென்மாவும் பாடிய பாட்டுகளில் தொடங்கிய கெட்ட பழக்கம். சென்னையில் எந்த மூலையில் கச்சேரி என்றாலும் மின்சார ரயில் ஏறிவிடுவேன். எண்பது கிலோமீட்டருக்கு மேல். நல்ல பாட்டு ஆரம்பிக்கிற நேரம் பார்த்துக் கடைசி ரயிலுக்கு ஓட வேண்டியிருக்கும். ஆனாலும் பேஸ் கிடாரின் அதிர்வு காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் வந்து இறங்குகிற அந்த அனுபவத்தை ஹெட்போன் தராது. பாடினவனே கீழே இறங்கி வந்து தன் டி-ஷர்ட்டைத் தானே விற்பான். மூன்றாவது பாட்டில் ஏன் சுருதி விலகியது என்று நாம் கேட்கலாம், அவனும் கூச்சப்படாமல் பதில் சொல்வான். வேறு எந்த நட்சத்திரத்திடம் இது நடக்கும்?

இதெல்லாம் எங்கள் ஊரிலேயே முளைத்தபோது பிடித்த பிடி விடவில்லை நான். அந்தப் பத்துப் பாட்டில் ஒன்று நகரி பஸ்ஸில் சில்லறைக்கு நடக்கிற சண்டை. கண்டக்டர் தெலுங்கில் கேட்பார், பாட்டி தமிழில் திட்டுவார், இரண்டும் ஒரே தாளத்தில் உட்காரும். இன்னொன்று அம்மையார்குப்பத்து விசைத்தறி ஷெட்டில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவன் தூக்கத்தோடு பேசுவது. மற்றொன்று ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி கட்டித் தருகிறவர், தாமே காவடி எடுக்க நேரமில்லாமல் போனதைப் பற்றியது. சினிமாப் பாட்டு எட்டுக் கோடிப் பேருக்காக எழுதப்படுகிறது. நல்லதுதான். ஆனால் எங்களுக்கென்று மட்டும் ஒரு பாட்டு வேண்டுமென்றால் அதை எங்கள் பையன்கள்தானே எழுத முடியும்?

சட்டத்தையும் படித்துப் பார்த்தேன், தாங்கள் கோபிக்கக் கூடாது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பொதுவெளியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. எங்கள் கச்சேரி மண்டபத்துக்குள்ளே, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு. விதி டெசிபலைக் கேட்கிறது, நேரத்தைக் கேட்கிறது. படத்தின் பெயரைக் கேட்கவில்லை. அது தங்கள் சொந்த இயற்றல், தங்கள் முதல் கிருதி.

கூட்ட நெரிசல் ஆகிவிடும் என்றும் கவலைப்பட்டீர்கள். 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே போக முடியாமல் திண்டாடியதைத் தாங்களே எடுத்துக் காட்டினீர்கள். அங்கே வந்தவர்கள் பல்லாயிரம். இங்கே போட்டது இருநூறு நாற்காலி. அதிலும் முதல் இரண்டு வரிசை சொந்தக்காரர்கள். பெரிய கச்சேரியில் குளறுபடி நடந்தால் அதற்கான கட்டுப்பாடு சின்னக் கச்சேரியின் தலையில் இறங்குவது தங்கள் சமநீதி. டிக்கெட் 100 ரூபாய் என்றதும், "நூறு ரூபாய்க்கு சினிமாவே பார்க்கலாமே" என்று உண்மையான அக்கறையோடு சொன்னீர்கள். நன்றி.

கடைசியாக ஒரு வழியும் காட்டினீர்கள். "பேசாம பார்டர் தாண்டிப் போய் வாசிங்க தம்பி, அங்க யாரும் கேட்க மாட்டாங்க." ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வருஷக்கணக்கில் எல்லைப் போராட்டம் நடத்தி, திருப்பதியையும் சேர்த்துக் கேட்டார்கள். அது கிடைக்காமல், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியாவது ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. தாங்கள் ஒரே வாக்கியத்தில் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அவர்களுக்கு இந்தச் சுருக்குவழி தெரியாமல் போயிற்று.

கச்சேரி நிபந்தனைப்படியே நடந்தது. ஆம்ப் இல்லாத எலெக்ட்ரிக் கிடார் கொசு மாதிரி முனகியது. டிரம்மர் தொடையில் தட்டினான். அடுத்த தெருவில் வேறொரு விசேஷம். தடை செய்யப்பட்ட கூம்பு ஒலிபெருக்கி இரண்டு எங்கள் மண்டபத்தைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தன. அதில் வந்த ஒவ்வொரு பாட்டும் எந்தப் படம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. எனவே அது சத்தம் ஆகாது.

இத்தனையும் நான் சிரித்துக்கொண்டே எழுதிவிடுவேன். ஒன்றை மட்டும் முடியவில்லை. ஓட்டுப் போடும் வயது தாண்டிய அந்த டிரம்மரிடம் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னீர்கள். தறி ஓட்டுகிற மனுஷன், அன்றைக் கூலியை விட்டுவிட்டு வந்து, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். காலி நாற்காலி இருந்தும் உட்காரச் சொல்லவில்லை. 'என் மகனால் பொது அமைதிக்குப் பங்கம் வராது' என்று எழுதி வாங்கினீர்கள். என்ன பங்கம்? என்ன செய்துவிட்டான்? திருடினானா, குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தானா? பாட்டு எழுதினான். சொந்தக் காசில் டிரம்ஸ் வாங்கிப் பழகினான். பெற்றவன் எதிரில் அவனைப் பார்த்து "வேலைவெட்டி இல்லையா?" என்று கேட்க உங்களுக்கு எந்த விதி இடம் கொடுக்கிறது? மனுவை வாங்கிப் பதில் சொல்லத்தான் உங்களுக்குச் சம்பளம். மானத்தை வாங்குவதற்கு இல்லை.

மன்னிக்க வேண்டும், குரல் 55 டெசிபலைத் தாண்டிவிட்டது. எங்கள் முருகன் சூரனோடு போரை முடித்துக் கோபம் ஆறி வந்து அமர்ந்தவன். ஆகையால் கந்த சஷ்டிக்கு இந்த மலையில் சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். ஊர் வழக்கத்தை மீறாமல் நானும் தங்கள் பாதத்தில் பூவையே போட்டு, மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன்.

ஒன்று, மூன்றாவது கட்டத்தை அடித்துவிடுங்கள். மனம் வராவிட்டால் 'சொந்தப் பாட்டு' என்று நாலாவதாக ஒன்றைச் சேருங்கள். இரண்டு, டெசிபல் மீட்டர் கொண்டுவந்து அளந்து பாருங்கள். எங்கள் மண்டபத்தில் அளந்துவிட்டு அடுத்த தெருவுக்கும் அதே மீட்டரோடு போங்கள். மூன்று, அனுமதி இல்லை என்றால் இல்லை என்று காரணத்தோடு, தேதியோடு, எழுத்தில் கொடுங்கள். அப்பாவைக் கூப்பிடாதீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊரிலும் எங்காவது ஒரு மாடி அறையில் நாலு பேர் சொந்தமாகப் பாட்டுக் கட்டிக்கொண்டிருப்பார்கள். கூப்பிட்டால் போங்கள். நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு ஓசி பாஸ் கேட்காதீர்கள். முக்கியமாக, பாதிக் கச்சேரியில் 'சினிமாப் பாட்டு ஒண்ணு பாடுங்க' என்று துண்டுச் சீட்டு அனுப்பாதீர்கள். மேசை கேட்டதும் அதைத்தான். மேசைக்காவது அதற்குச் சம்பளம் வருகிறது.

இப்படிக்கு,
பொது அமைதிக்குப் பங்கம் விளைவிக்காத ரசிகன்,
திருத்தணி.