டயரும் என் இடுப்பும்

என் பேன்ட்டின் உள்பட்டையில் 34 என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்காரியின் தையல் டேப்பை வைத்தால் அதே பேன்ட் முப்பத்தேழரையில் வந்து நிற்கும். இதில் எனக்கு எந்த மனக்குறையும் கிடையாது. மூன்றரை அங்குலத்தைக் கம்பெனிக்காரன் இனாமாக விட்டுக்கொடுத்திருக்கிறான். வாங்குகிறவன் மனசு நோகக் கூடாது என்ற நல்லெண்ணம். அச்சடித்த எண்ணெல்லாம் கொஞ்சம் முகத்தாட்சண்யம் பார்க்கும் என்று, கணக்கு வாத்தியாரான நானே சமாதானமாகிப் பல வருஷமாகிறது. அந்தச் சமாதானத்தைக் கெடுத்தது சைக்கிள் டயர்.

குடியிருப்பு கொல்லிமலை, செம்மேடு. இந்த மலையில் சமதரை என்று பார்த்தால் பள்ளிக்கூட மைதானம் ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். அப்படிப்பட்ட ஊர்க்காரனிடம் நாமக்கல் டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, “தினமும் கொஞ்ச நேரம் சைக்கிள் மிதிங்க சார், போதும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சமவெளியில் உட்கார்ந்து சொல்வதற்கென்ன! மாறுதலாகிப் போன சக ஆசிரியர் ஒருவர் விட்டுச்சென்ற ஹைபிரிட் சைக்கிளைப் பாதி விலைக்கு வாங்கினேன். மழைக்காலத்தில் மண்சாலையில் அது வழுக்கியது. சைக்கிளை மிதிக்கிறவனைப் பற்றி எதுவும் யோசிக்காமல், டயர் ஒல்லி என்று தீர்ப்பெழுதினேன். அகலமான டயர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

அகலமான டயர் வாங்க, இருப்பதன் அகலம் தெரிய வேண்டும். குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் 700×35C என்று இருந்தது. நல்லது, 35 மில்லிமீட்டர். இரண்டு விரல்கடை தள்ளி 37-622 என்று இருந்தது. அதற்கும் அந்தப் பக்கம் 28×1⅝×1⅜. ஒரு அங்குலம் 25.4 மி.மீ. என்று பெருக்கினால் 1⅜ அங்குலம் ஏறக்குறைய 35, 1⅝ அங்குலம் 41-க்கு மேல். ஒரே டயர், ஒரே பக்கம், நாலு வாக்குமூலம். போலீஸ் ஸ்டேஷனில் இப்படிச் சொன்னால் உள்ளே வைத்துவிடுவார்கள்.

பள்ளி ஆய்வகத்திலிருந்து வெர்னியர் அளவியை வாங்கி வந்தேன். 1631-இல் பியேர் வெர்னியே என்ற பிரெஞ்சுக்காரர் யோசித்துவைத்த அளவுகோல் அது. பிளஸ் ஒன் படித்த எல்லோரும் அதை வைத்துக் கோலிக்குண்டு அளந்திருப்பார்கள். இயற்பியல் வாத்தியார் கடனாகக் கொடுக்கும்போதே, “சுழிப்பிழை பார்த்துக்குங்க சார்” என்று கணக்கு வாத்தியாருக்கே பாடம் எடுத்தார். பார்த்தேன், பிழை இல்லை. டயரின் இரண்டு விலாவையும் தாடையால் கவ்வ வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தேன். 35.6. வாக்குமூலம் கொடுத்த நாலு பேரில் ஒருத்தன் சொன்னதும் இல்லை.

“ஏங்க, அது என்ன தங்கமா, மில்லி கணக்குல அளக்கறீங்க?” என்றாள் வீட்டுக்காரி, துணி காயப்போட்டபடி. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அம்பு எத்தனை மில்லிமீட்டர் என்று ஓரியின் வீட்டில் யாரும் கேட்டதாகப் பாட்டில் இல்லை.

மலையிறங்கி, டவுனில் என் பழைய மாணவன் நடத்தும் சைக்கிள் கடைக்குப் போனேன். வகுப்பில் கடைசி பெஞ்ச். ஆனால் டயர் விஷயத்தில் அவன் சொல்லச் சொல்ல நான்தான் கைகட்டி நின்றேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கோடு போட்ட எண்ணை மட்டும் நம்பச் சொன்னான். 37-622 என்பது ஐ.எஸ்.ஓ. 5775 என்ற சர்வதேசத் தரப்படி எழுதியது. பின்னால் உள்ள 622, ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டம். அதில் சமரசம் கிடையாது. முன்னால் உள்ள 37 அகலம். அதில்தான் எல்லாச் சமரசமும்.

“அப்ப 700 எதுக்குப்பா?”

“அது அந்தக் காலத்துல வெச்ச பேருங்க சார்.”

பிரெஞ்சுக்காரர்கள் டயரின் வெளிவிட்டம் சுமார் 700 மி.மீ. என்று வைத்து, அகலத்துக்கு ஏ, பி, சி என்று எழுத்துக் கொடுத்தார்கள். சி என்பது பருமனான ரகம். 622-உடன் மேலே 39, கீழே 39 சேர்த்தால் 700 சரியாக வரும். பிறகு டயர் இளைத்தது, பெயர் இளைக்கவில்லை. இன்று பந்தயச் சைக்கிளில் 25 போட்டவனின் சக்கரத்தை அளந்தால் வெளிவிட்டம் 672தான், எழுதியிருப்பது 700. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் வரும் பட்டத்தை யார் சரிபார்க்கிறார்கள்?

என் கணக்குப் பெருமைக்கு அடி விழுந்தது அதற்கப்புறம்தான். எங்கள் அப்பாவின் ராடு பிரேக் வைத்த கறுப்புச் சைக்கிள் இன்னும் வீட்டில் சாய்ந்து நிற்கிறது. அதன் டயரும் 28 அங்குலம்தான், 28×1½. என்னுடையதும் 28 என்று எழுதியிருக்கிறதே, அதைக் கழற்றி இதில் போடலாமா என்று கேட்டேன். போடவே முடியாதாம். அது 635, இது 622. விட்டத்தில் 13 மி.மீ. வித்தியாசம். சரி, கடையில் வைத்திருக்கும் மலைச் சைக்கிளில் 29 என்று இருக்கிறதே? அது 622. அதன் டயர் என் ரிம்மில் அழகாக உட்காருமாம், சட்டத்தில் இடம் இருந்தால். ஆக 28-க்கு 28 சேராது, 28-க்கு 29 சேரும். எங்கள் அப்பாவோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை என்பது ஊரறிந்தது. இப்போது அதற்கு ஐ.எஸ்.ஓ. முத்திரையும் கிடைத்துவிட்டது.

கடைப் பையன் விடவில்லை. “இன்னொண்ணு சொல்றனுங்க, கோவிச்சுக்காதீங்க. 26×1.75-ன்னு ஒரு டயர் இருக்குதுங்க, 559. 26×1¾-ன்னு இன்னொண்ணு, அது 571. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராதுங்க.”

“டேய், ஒண்ணே முக்காலும் 1.75-ம் ஒண்ணுதான்டா!”

“நீங்கதானுங்க சார் சொல்லிக் குடுத்தீங்க. நானும் அதத்தானுங்க பரிட்சைல எழுதுனேன்.”

எழுதினான்தான். நான்தான் மார்க் போட்டேன்.

டயரின் அகலம் ஏன் எழுதியபடி வருவதில்லை என்பதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று நேர்மையானது. எழுதிய எண், ஒரு குறிப்பிட்ட அகலமுள்ள ரிம்மில் மாட்டி அளந்தது. டயரின் துணிக்கூட்டுக்கு ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை நீளம் மாறாது. குறுகலான ரிம்மில் அதன் இரண்டு காலும் ஒட்டி நிற்கும். அகலமான ரிம்மில் கால் அகட்டி நிற்கும்போது வயிறும் சேர்ந்து அகலும். ரிம்மின் உள் அகலம் 1 மி.மீ. கூடினால் டயர் ஏறக்குறைய 0.4 மி.மீ. பெருக்கும். 15 மி.மீ. ரிம்மிலிருந்து 21-க்கு மாறினால் அதே டயர் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பெருத்துவிடும். என்னையே கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்காரவைத்து அளந்தால் ஓர் அளவு, திண்ணையில் உட்காரவைத்து அளந்தால் வேறு அளவு. சதை அதேதான். போதாததற்குப் புது டயர் காற்றடித்த பிறகு மெல்ல இழுபட்டு இன்னும் கொஞ்சம் கூடும். அதற்கு நான் சாப்பாட்டுக்கு முன், பின் என்று உவமை தேட வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் வியாபாரம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பக்கம் ஒரு கடையில் வேலை பார்த்த ஷெல்டன் பிரவுன் என்ற மெக்கானிக், 2008-இல் காலமானவர், இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சைக்கிள் பித்தர்களுக்கு எடை ஒரு வியாதி. இருபத்தைந்து அகலத்தில் எது லேசு என்று தேடித்தான் வாங்குவார்கள். ஒருவன் 24 அகலத்தில் செய்து 25 என்று முத்திரை குத்தினால் ரப்பர் மிச்சம், எடை குறைவு, தராசில் அவன்தான் ராஜா. பக்கத்துக் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? அவனும் கொஞ்சம் சுருக்குவான். என் பேன்ட்டில் பெரிசைச் சின்னதாகச் சொல்கிறார்கள், டயரில் சின்னதைப் பெரிசாகச் சொல்கிறார்கள். இரண்டிலும் வாங்குகிறவன் கேட்க ஆசைப்பட்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள். அதனால் கம்பெனிக்காரன்மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. 34 என்று போட்ட பேன்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கடைக்காரரிடம் பொய் சொல்கிறீர்களே என்று சண்டைபோட்டவர் யாராவது உண்டா?

பையன் ஒரு டயரை எடுத்துப் போட்டான். அதில் 700×38C, 40-622, 28×1.50. இந்த முறை நான் அசரவில்லை. எது பெரிசோ அதை நம்புவது என்று முடிவெடுத்து, நாற்பது வாங்கிவிட்டதாகவே மனத்துக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டில் மாட்டி அளந்தேன்: 37.8. மறுநாள் காலை பல்கூடத் தேய்க்காமல் அளந்தேன்: 38.4. ராத்திரியோடு ராத்திரியாக வளர்ந்திருக்கிறது! பெற்ற பிள்ளை உயரத்தைக் கதவில் கோடு போட்டுப் பார்க்கிற வழக்கம்கூட எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

அகலம் கூடினால் உயரமும் கூடும். அகலம் 2 மி.மீ. கூடினால் விட்டம் 4 மி.மீ., சுற்றளவு பன்னிரண்டரை மி.மீ. வரை கூடும். ஹேண்டில்பாரில் தூரம் காட்டும் மீட்டருக்கு இந்தச் சுற்றளவை நாம்தான் சொல்லித்தர வேண்டும். அளந்ததைச் சொல்லாமல் எழுதியிருக்கும் பெரிய எண்ணைச் சொன்னால், இருபது கிலோமீட்டருக்குத் தொண்ணூறு மீட்டருக்கு மேல் மிதிக்காமலே ஏறிவிடும். என் மீட்டரில் எந்த எண்ணைப் போட்டேன் என்பது எனக்கும் டாக்டருக்கும் இடையிலான விஷயம்.

இதெல்லாம் காகிதத்தில். சாலையில் அந்த 38.4, மட்கார்டோடு உரசி ‘சர்ர்’ என்றது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைய வேண்டும் என்று பையன் சொல்லியிருந்தான். என் சுண்டுவிரல் நுழையவில்லை. வீட்டுக்காரியின் சுண்டுவிரல் நுழைந்தது. அளவைக்கு என் விரலைவிட அவள் விரலே தரமானது என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டோம். ஆனால் ஐப்பசி மழையில் சோளக்காட்டுப் பக்கம் போய்வந்தபோது, சிவப்பு மண் அந்த இடுக்கில் அப்பி, சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. சந்தைக்குப் பலாப்பழம் கொண்டுபோன ஒருவர் தன் கத்தியால் மண்ணைச் சுரண்டிவிட்டு, “எதுக்குங்க சார் இத்தனை தடி டயரு?” என்றார். மட்கார்டின் கம்பியைக் கொஞ்சம் நிமிர்த்தி, அதை உயர்த்திக் கட்டியபின் வண்டி ஓடுகிறது.

இறங்குவதற்கு இந்த டயர் நல்லதுதான். அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை. எழுதியிருப்பதும் 70, எண்ணினாலும் 70. எனக்குத் தெரிந்து சொன்ன அளவு மாறாமல் கிடைத்த ஒரே சரக்கு நெடுஞ்சாலைத் துறையுடையது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் கொதித்து ட்யூப் வெடித்துவிடும் என்பதால், அங்கங்கே நிறுத்தி ஆறவிடுகிறேன். அந்தச் சாக்கில் எனக்கும் மூச்சு ஆறுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைவில் அப்படித்தான் மதில்மேல் உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து சேலம் பக்கத்துப் பையன்கள் கூட்டமாக ஏறி வந்தார்கள். எல்லாரும் நூலாக இருந்தார்கள். அவர்கள் பேன்ட்டில் எழுதியது எழுதியபடியே இருக்கும் போல. அதில் ஒருத்தன் என் சக்கரத்தைப் பார்த்து, “அங்கிள், என்ன சைஸ்?” என்றான். இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்! எழுந்து நின்றேன்.

“ஒரு பக்கம் 38, தம்பி. அதுக்குக் கீழ 40. ஆனா அது எந்த ரிம்முல அளந்ததுன்னு பாக்கணும்...”

பையன் வளைவு திரும்பிவிட்டான். நான் விடவில்லை. கொண்டை ஊசியில் மேல் சாலையில் போகிறவன் தலைக்கு நேர் மேலேதான் போவான். அண்ணாந்து கத்தினேன்: “வெர்னியர்ல 38.4! ரிம்மோட உள் அகலத்தைச் சேர்த்துப் பாத்தா...”

மேலேயிருந்து பதில் வந்தது:

“அங்கிள், பின் சக்கரத்துல காத்தே இல்ல, பாருங்க!”