கூண்டேற்ற இலக்கணம்: கடலூர்த் துறைமுகத்தை முன்வைத்து

கணினி நிரலில் ஒரு பொருளின் பண்பு மாறினால் அதை நம்பியிருக்கும் மற்றப் பொருள்களுக்கு எப்படிச் சொல்வது? இந்தச் சிக்கலை 1970களின் கடைசியில் ஸெராக்ஸ் ஆய்வகத்து ஸ்மால்டாக் நிரலாளர்கள் தீர்த்தார்கள் என்பது கணினித் துறையார் கொள்கை. கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுவதைப் பார்த்திருந்தால் அவர்களுக்கு உழைப்பு மிச்சம் என்பது எம் துணிபு. வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ்கிறது, கம்பத்தில் கூண்டு ஏறுகிறது. அதைக் கண்டு தேவனாம்பட்டினத்து மீனவர் படகை மேலே இழுத்துக் கட்டுவார். செய்தியில் கேட்ட சிதம்பரத்துப் பிள்ளை மழை விடுமுறையை நம்பி வீட்டுப்பாடத்தை மூடிவைக்கும். யார் என்ன செய்வார் என்பது கம்பத்தின் கவலையன்று. நல்ல அறிவிப்புக்கு இதுவே முதல் இலக்கணம்.

இனி, அறிவிப்பு எதைச் சொல்ல வேண்டும்? டாட்நெட் என்னும் நிரல் தளம் மாறிய பண்பின் பெயரை மட்டும் சொல்லும். மதிப்பை நாமே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாவா மொழியின் ஜாவா பீன்ஸ் முறை பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் சேர்த்தே தரும். இரண்டும் ஒன்றென்றால் வாயே திறக்காது. கூண்டு புதிய மதிப்பை மட்டும் சொல்கிறது. ஆனால் இறக்கும்வரை அங்கேயே தொங்குவதால், தாமதமாக வந்தவரும் ஏமாறுவதில்லை. மழை விடுமுறை அறிவிப்புக்கு இந்தச் சிறப்பு கிடையாது: சீருடை மாட்டிய பிறகு வந்து சேரும். தவிர, எந்தப் பொருளின் பண்பு என்றும் பார்க்க வேண்டும். கொள்ளிடத்துக்கு அக்கரை மயிலாடுதுறை மாவட்டம். அந்த ஆட்சியர் விட்ட விடுமுறை சிதம்பரத்தில் செல்லாது, மழை ஒன்றே ஆயினும்.

அஃதேல், கூண்டின் எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும் என்று மக்கள் மயங்குகிறார்களே எனின், மயக்கம் மக்களுடையது; கூண்டின்மேல் குற்றமில்லை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான். புயல் துறைமுகத்தை இடப்புறம் விட்டுப் போகுமா, வலப்புறம் விட்டுப் போகுமா, நேரே மேலேறி வருமா என்பதே வேறுபாடு. கடும் புயலுக்கு 8, 9, 10 அதே வரிசை. கைபேசி வந்தபின் கூண்டெதற்கு எனின், 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தபோது மின்கம்பங்கள் பட்ட பாட்டை நினைக்க. கைபேசிக் கோபுரமும் மின்சாரத்தை நம்பியதே. இவ்வகை நிலைக்கென்றே 11ஆம் எண் உண்டு: வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்தது, மோசமான வானிலைக்கு வாய்ப்பு உண்டு என்பது அதன் பொருள். சேதி வரவில்லை என்பதையே சேதியாக்கும் அந்த எண், மேற்சொன்ன டாட்நெட், ஜாவா பீன்ஸ் அறிவிப்புகள் இரண்டிலும் இல்லை.