ஊர்காட்டி

பெங்களூருக்குப் பிழைக்கப் போன பிள்ளைகளில் ஓர் இனம் உண்டு. வருஷம் பூராவும் அலுவலகத்தையும் படுக்கையையும் தவிர வேறெதையும் பார்த்திருக்காது. அப்பா அம்மா புறப்பட்டு வருகிறார்கள் என்று ஊரிலிருந்து போன் வந்த மறுநிமிஷம், கெம்பே கௌடாவுக்குப் பக்கத்தில் நின்று கோட்டை கட்டிய ஆள் மாதிரிப் பேச ஆரம்பித்துவிடும். இதற்கு ஊர்காட்டி என்று பெயர்.

ஊர்காட்டியை ஜோகுபாளையத்தில் பார்க்க வேண்டும். அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவில், பால்கனிக்குப் பால்கனி கைகொடுத்துக்கொள்ளும் சந்துகள். யாராவது விலாசம் கேட்டால், "இந்திராநகர் பக்கம்" என்பான். பக்கம்தான், பொய்யில்லை.

முதல் நாள் ராத்திரி போனை வைத்துக்கொண்டு சரித்திரம் நெட்டுருப் போடுவான். லால்பாக், ஹைதர் அலி, 1760. கண்ணாடி மாளிகை, 1889. காலையில் எல்லாம் குழம்பிவிடும். ஹைதர் அலி கண்ணாடி பதித்துக்கொண்டிருப்பார். லால்பாக் பாறை மீது பெற்றோரை ஏற்றி நிறுத்தி, "இந்தப் பாறைக்கு முந்நூறு கோடி வயசுப்பா" என்பான். அப்பா செருப்புக் காலால் அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "உக்கார எங்கயாவது நிழல் இருக்கா?" என்பார்.

கன்னடம் காட்டுவது இன்னொரு கட்டம். தெருமுனைக் காய்கறி வண்டியில், அம்மா காதில் விழும்படி, "எஷ்டு?" என்று கேட்பான். "முப்பது ரூபா கண்ணு, அம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்களா?" என்று அந்த அம்மாள் தமிழில் பதில் சொல்வார். ஜோகுபாளையத்தில் கன்னடம் பழகுவது மெரினாவில் மலை தேடுவது மாதிரி. அன்று சாயங்காலத்துக்குள் அம்மாவுக்கு அந்த வண்டிக்கார அம்மாளின் மருமகள் பிரசவம் வரைக்கும் தெரிந்துவிடும். ஊர்காட்டி மூன்று வருஷமாக அங்கேதான் வெங்காயம் வாங்குகிறான்.

அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலைக்கும் கூட்டிப்போவான். அங்கே வாயைத் திறக்க அப்பா விடமாட்டார். 1991-இல் நிறுத்திய சிலை, பதினெட்டு வருஷம் மூடியே கிடந்தது, 2009 ஆகஸ்ட் 9-இல் கருணாநிதி வந்து திறந்தார், நாலு நாள் கழித்து நம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையை எடியூரப்பா திறந்தார் என்று செய்தித்தாள் படித்த தலைமுறை தேதி பிசகாமல் சொல்லும். ஏரியிலிருந்து பத்து நிமிஷ நடையில் குடியிருக்கும் பிள்ளை தலையாட்டிக் கேட்டுக்கொள்வான்.

ஆனால் ஊர்காட்டியின் உண்மையான திறமை சரித்திரத்தில் இல்லை, விலையில் இருக்கிறது. எதைச் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்காகச் சொல்ல வேண்டும். எண்ணூறு ரூபாய் டாக்சி இருநூற்றைம்பது ஆகும். பில்லை மேஜையில் வைக்கும் முன்பே பரிமாறுபவர் கையிலிருந்து பிடுங்கி மடித்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் கணக்கு எழுதும் ஜாதி என்றால் இது கடுமையான வித்தை.

இந்த வித்தையில் எனக்கும் பதினைந்து நாள் அனுபவம் உண்டு. என் அப்பா கும்பகோணத்தில் கூட்டுறவு வங்கிக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நூறடிச் சாலையில் காப்பியின் மேல் இலை வரைந்து தரும் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். ஒரு வாய் குடித்தார். "ஆறிப்போச்சு. எவ்வளவு?" "எழுபதுப்பா." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். எழுபதுக்கே வைத்தார்.

கொரியாவில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவனிடம் இதைச் சொல்லி அழுதேன். அவன் கதை மோசம். சியோலில் கியோங்போக்குங் அரண்மனைக்குள் போக 3,000 வோன் கட்டணம். அவர்களுடைய பாரம்பரிய உடையான ஹான்பொக் அணிந்து போனால் கட்டணம் கிடையாது. அப்பாவிடம் 'இலவசம்' என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லி, வேட்டிக்கு மேலேயே பட்டு அங்கியை மாட்டிவிட்டான். அந்த உடைக்குக் கட்டிய வாடகை டிக்கெட்டைப் போலப் பல மடங்கு. படம் அனுப்பியிருந்தான். மீசையும் விபூதியுமாக, கறுப்புக் குல்லாய் போட்ட கொரியப் பிரபு ஒருவர், இலவசமாக உள்ளே வந்த திருப்தியில் நின்றுகொண்டிருந்தார்.

என் பெற்றோருக்கு இந்த ஊரில் கடைசிவரை பிடித்தது மெட்ரோ. தென்னிந்தியாவின் முதல் மெட்ரோ, 2011 அக்டோபரில் எம்.ஜி. ரோட்டிலிருந்து பையப்பனஹள்ளி வரை ஓடத் தொடங்கியது, நம் அல்சூர் வழியாகத்தான் என்று நான் நெட்டுருவை ஒப்பித்தேன். அம்மா அதைக் கேட்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே ஓடும் மொட்டைமாடிகளில் யார் யார் வடகம் காயவைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் ரயிலேற்றிவிடப் போனேன். தண்ணீர் பாட்டில், இட்லிப் பொட்டலம், எல்லாம் ஆயிற்று. வண்டி அசையும்போது அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ஏண்டா, வீட்டு வாடகை எட்டாயிரம்னியே. பதினெட்டுன்னு இஸ்திரி வண்டிக்காரர் சொல்றார்?"

நான் பேசாமல் கூடவே நாலடி நடந்தேன்.

"அப்போ அந்தக் காப்பி எவ்வளவு?"

வண்டி வேகமெடுத்துவிட்டது. இருநூற்று அறுபது ரூபாய், அப்பா. வரி தனி.