அட்மினார்

விதானையார், சட்டம்பியார், பரியாரியார் என்று ஊர் மரியாதையோடு அழைக்கிறவர்களின் வரிசையில் கடைசியாக வந்து ஏறியவர் அட்மினார். ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு என்று தீவகத்தில் எந்தப் பக்கம் போனாலும், எந்தக் கந்தோருக்குள் நுழைந்தாலும் ஒருவராவது இருப்பார். நியமனக் கடிதத்தில் அவருக்கு வேறு பதவி எழுதியிருக்கும். முகாமைத்துவ உதவியாளர் என்றோ அபிவிருத்தி உத்தியோகத்தர் என்றோ இருக்கலாம். அது அவருக்கே இப்போது அவ்வளவாக ஞாபகமில்லை. கந்தோரின் வட்ஸ்அப் குறூப்புகள் எல்லாவற்றுக்கும் அவர் அட்மின். அதற்கு மேல் ஒரு பதவி உயர்வு உண்டென்று அவர் நம்புவதில்லை.

ஆளை அடையாளம் காண விரும்பினால் காலையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் நில்லுங்கள். நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் போகிறவர்கள் அர்ச்சனைச் சாமான்களோடு நிற்பார்கள். நாகதீப விகாரைக்குப் போகிறவர்கள் பூத்தட்டோடு நிற்பார்கள். நெடுந்தீவுக் கடைக்காரர் அரிசி மூட்டைக்குக் காவல் நிற்பார். இவர்களுக்கு நடுவில் கழுத்தில் அடையாள அட்டையும், முதுகில் லப்டொப் பையும், கையில் பவர்பாங்கும், பொலித்தீன் பையில் சுற்றிய இரண்டு போனுமாக ஒருவர் நிற்பார். உயிர்காப்பு அங்கி ஆளுக்கு, பொலித்தீன் பை தரவுக்கு.

படகுக்காரரிடம் காற்று எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். அட்மினார் கேட்கமாட்டார். அவர்தான் சொல்லுவார்.

“அண்ணை, இண்டைக்குக் கடல் அமைதி எண்டு அப்பில போட்டிருக்கு.”

படகுக்காரர் கடலை ஒருமுறை பார்த்தார். “அப்பிடியோ தம்பி? கடலுக்கும் அதை ஆரும் அனுப்பினவையோ?”

இவர் பிறக்கும்போதே அட்மினார் இல்லை; ஆன கதை யப்பானில் தொடங்குகிறது. ஆசிய உற்பத்தித்திறன் அமைப்பு 1961இல் தோக்கியோவில் தொடங்கியது. இலங்கை அதில் 1966இல் சேர்ந்தது. யப்பான் தொழிற்சாலைகளில் பிறந்த ‘5எஸ்’ என்ற ஒழுங்குமுறையும் காலப்போக்கில் எங்கள் கந்தோர்களுக்கு வந்து சேர்ந்தது. வேண்டாததைக் கழி, இருப்பதை ஒழுங்காக வை, துப்புரவாக்கு, எல்லா இடமும் ஒரே தரமாக்கு, அதைப் பழக்கமாக்கு. நல்ல விஷயம்தான். அதைப் பற்றிய பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்த அன்றே எங்கள் ஆளுக்குள் ஒன்று விழித்துக்கொண்டது. கதிரையில் ‘கதிரை’ என்று ஒட்டினார். வாளியில் ‘வாளி’ என்று ஒட்டினார். தேத்தண்ணிக் கேத்தலுக்குக் கீழே, கேத்தல் வைக்கவேண்டிய இடத்தை மஞ்சள் ரேப்பால் வட்டமிட்டார். கந்தோர்ப் பூனை மட்டும் தப்பியது. அது ஓரிடத்தில் நிற்கவில்லை.

பிறகு 2020இல் கொரோனா வந்து கந்தோரைப் பூட்டியது. சுற்றறிக்கை போனுக்குள் வந்தது. ஒட்டுக் கடதாசிக்காரர் அட்மினார் ஆனது அந்த மாதங்களில்தான். முதலில் ‘அலுவலகம் – பொது’. அதில் பகிடிகள் கூடியதால் ‘அலுவலகம் – அவசரம்’. அவசரத்தில் டீ.எஸ்., அதாவது பிரதேச செயலாளர், இருந்ததால் ‘அலுவலகம் – அவசரம் (சேர் இல்லாதது)’. மழைக்கு ஒரு குறூப், வரட்சிக்கு ஒரு குறூப், டெங்குக்கு ஒன்று, நலன்புரிக்கு ஒன்று. வெள்ளம் வடிந்து தண்ணி கடலில் சேர்ந்தபின்னும் வெள்ளக் குறூப் வடிவதில்லை. அடுத்த மழைக்குப் புதிதாக இன்னொன்று பிறக்கும். ‘அவசரம்’ குறூப்பில் ஒவ்வொரு காலையும் றோசாப்பூவோடு காலை வணக்கம் வரும். இன்றைக்குப் படகு இல்லை என்ற செய்தியை மட்டும் யாரோ ‘நலன்புரி’யில் போட்டிருப்பார்கள்.

செய்தியைப் போட்டால் மட்டும் அட்மினாருக்கு ஆறாது. நீலச் சரி விழுந்ததா, யார் பார்த்தார்கள், பார்த்தும் ஏன் கைகூப்பவில்லை என்று ஒவ்வொருவராகத் துருவுவார். நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்தது என்று காட்டப்படுகிற புறாக்கூடு ஒன்று நிற்கிறது. தூதுப் புறாக்களை வளர்த்த இடம் என்று சொல்லுவார்கள். அந்தப் புறாக்கள் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பேசாமல் கூட்டுக்குத் திரும்பியிருக்கும். வாசித்தீர்களா என்று கேட்டுக்கொண்டு தோளில் உட்கார்ந்திருக்காது.

வரவு பதிவது இன்னும் நுணுக்கமான கலை. வாசலில் விரல் அடையாள இயந்திரம் இருக்கிறது. இயந்திரம் பழுதானால் என்று மேசையில் பதிவேடு இருக்கிறது. பதிவேட்டில் யாரும் ஏமாற்றினால் என்று வெளிக்களத்திலிருந்து ஜீ.பி.எஸ். படம் அனுப்பவேண்டும். ஆக ஓராள் ஒரு நாளில் மூன்று தரம் வந்தவராகிறார். ஏன் இத்தனை என்று கேட்டவருக்கு அட்மினாரிடம் விடை தயாராக இருந்தது. டீசல் இயந்திரத்தையே நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் கலப்பு மின்திட்டம் ஒன்றுக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. வெயில், காற்று, மின்கலம், டீசல் என்று நாலும் அதில் உண்டு. “கரண்டுக்கே நாலு வழி எண்டால் வரவுக்கு மூண்டு வழி கூடவோ?” என்றார். கேட்டவர் போய் நாலாவது தரமும் கையெழுத்து வைத்திருப்பார். பதிவேட்டில் இடம் இருக்கவில்லை.

அட்மினாரை முழுதாகப் பார்க்கவேண்டுமென்றால் வெளிக்களத்தில் பார்க்கவேண்டும். வீட்டுத்தோட்டத் திட்டத்தில் மிளகாய்க் கன்று கொடுத்தாயிற்று. கொடுத்ததற்குப் படம் வேண்டும். படத்தில் கன்று, பயனாளி, நாள், நேரம், அகலாங்கு, நெட்டாங்கு எல்லாம் விழவேண்டும். நெடுந்தீவில் பவளக்கல் அடுக்கிய வேலிக்குள்ளே ஒரு வளவு. அட்மினார் முழங்காலில் நின்றுகொண்டு போனைச் சரிக்கிறார்.

“அம்மா, இன்னும் கொஞ்சம் குனியுங்கோ. கன்றும் நீங்களும் ஒண்டா விழவேணும்.”

“கன்று ஒரு சாண் தம்பி. நான் எவ்வளவுக்கெண்டு குனியிறது?”

“சிரியுங்கோ அம்மா. பயனாளி எண்டால் சிரிக்கவேணும்.”

படம் எடுத்தாயிற்று. அனுப்பக் கவரேஜ் இல்லை. போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வேலியில் ஏறினார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற குதிரை இவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தள்ளிப் போனது. கடற்கரைப் பக்கமாகத் திரும்பியபோது ஒரு கோடு வந்தது, பிறகு இரண்டு வந்தது. படம் போய்ச் சேர்ந்தது. இறங்கித் திரும்பிப் பார்த்தால் அம்மா நிற்கிறார், கன்று இல்லை. பக்கத்து வளவு ஆடு வாயை அசைத்துக்கொண்டு நிற்கிறது.

அட்மினார் கலங்கவில்லை. எக்செல் தாளைத் திறந்தார். ‘அழிவுக்கான காரணம்’ என்ற நிரலை அமத்தினார். வெள்ளம், வரட்சி, நோய், பூச்சி என்று நாலு தெரிவு வந்தது.

“ஆடு எண்டு இதில இடமில்லை அம்மா.”

“அதுக்கு ஆரும் இடம் குடுக்கத் தேவையில்லை தம்பி. அது வேலியால வந்து தானே எடுத்துக்கொண்டிட்டுது.”

நெடுநேரம் யோசித்து ‘பூச்சி’யை அமத்தினார். அந்த மாத அறிக்கையின்படி நெடுந்தீவில் நாலு கால் பூச்சி ஒன்று உண்டு. கொழும்பிலிருந்து யாராவது ஆராய்ச்சிக்கு வரக்கூடும்.

கடதாசி இல்லாத கந்தோர் என்பது அட்மினாரின் பெருங்கனவு. அதற்கான முன்மொழிவை நாற்பது பக்கத்தில் அச்சடித்து மூன்று பிரதி எடுத்திருக்கிறார். மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் இலங்கையில் 2006இலேயே வந்துவிட்டது. மின்னஞ்சலில் வந்த ஆவணம் என்பதற்காக மட்டும் அது செல்லாது என்று தள்ளமுடியாது. ஆனாலும் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, அனுப்பியதாக வட்ஸ்அப்பில் அறிவித்து, மூலப் பிரதியைத் தபாலில் சேர்த்து, வந்ததா என்று தொலைபேசியில் கேட்டால்தான் ஒரு கடிதம் போனதாகக் கணக்கு. மறுமுனையில் அது திறக்கும்போது எழுத்தெல்லாம் கலைந்து குப்பையாகத் தெரியும். எழுதியவர் பாமினி எழுத்துருவில் அடித்திருப்பார், பார்க்கிறவருடைய போனுக்கு ஒருங்குறி மட்டும்தான் தெரியும். கடைசியில் தபாலில் வந்த கடதாசிதான் வாசிக்கப்படும்.

நோர்த்கோட் பார்கின்சன் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் 1955இல் ‘எக்கொனமிஸ்ற்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கிடைக்கிற நேரம் முழுவதும் நிரம்பும்வரை வேலை வீங்கும் என்பது அவருடைய விதி. அப்போது அவர் சிங்கப்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். எங்கள் பாட்டன்மார் பலர் கிளாக்கர் வேலை பார்த்துப் பென்சன் எடுத்து வந்த மலாயாவை அவர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார் என்பதை நாங்கள் கொஞ்சம் வெட்கத்தோடு ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அவர் காட்டிய கணக்கு பிரித்தானியக் கடற்படையைப் பற்றியது. 1914இல் 62 பெரும் போர்க்கப்பல்கள் இருந்தன, 1928இல் 20 ஆகக் குறைந்தன. அதே காலத்தில் கடற்படைத் தலைமைக் கந்தோரின் உத்தியோகத்தர்கள் 2,000 பேரிலிருந்து 3,569 ஆகக் கூடினார்கள். எங்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. ஒரு படகு பழுதாகிக் கரையேறினால் அதைப் பற்றி ஒரு குறூப் கூடும் என்பது குறிகட்டுவானில் நிற்கிற எவருக்கும் தெரியும்.

ஆனால் பார்கின்சன் தீவகத்தில் ஒரு நாள் வேலை பார்த்திருந்தால் தன் விதிக்கு ஒரு விலக்கு எழுதியிருப்பார். கடைசிப் படகு என்று ஒன்று இங்கே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வேலை பார்க்கிறவர்கள் அதைத் தவறவிட்டால் இரவு கந்தோர் மேசையில்தான் படுக்கை. காலையிலிருந்து அசையாத கோவை, அந்தப் படகுக்கு முந்திய அரை மணித்தியாலத்தில் மூன்று மேசை தாண்டிக் கையெழுத்தாகி வெளியே வரும். அந்த வேகத்தைத் தரும் அப் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அட்மினார் மட்டும் அந்த நேரத்தில் சூம் கூட்டத்தில் இருப்பார். நேர முகாமைத்துவம் பற்றிய பயிற்சி, இன்னும் முடிந்திருக்காது.

நியாயமாகச் சொன்னால் போன் உதவாத சாமான் இல்லை. 2022 ஜூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் வந்தபோது தீவகத்தில் யாருக்கும் பயிற்சிப் பட்டறை தேவைப்படவில்லை. நாட்கணக்கில் நின்ற வரிசை அதனால் சுருங்கியது, அதனால் எழுபது வயதுக்காரரும் பேரப்பிள்ளையைப் பிடித்து அதை எடுத்துவிட்டார். சனத்துக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: இதனால் எனக்கு ஓர் அலைச்சல் குறையுமா? தீவில் அலைச்சல் என்றால் கடல் தாண்டுவது.

இந்த அளவுகோல் தெரிந்தவர் அட்மினாருடைய கந்தோரிலேயே இருக்கிறார். கடைசி மேசையில் இருக்கிற மிஸ். எந்தக் குறூப்பிலும் அவருக்குக் கை கூப்பிப் பழக்கமில்லை. அனலைதீவிலிருந்து ஒரு பெடியன் ஆச்சியின் விண்ணப்பத்தைப் படமெடுத்து அனுப்புவான். மிஸ் பார்த்துவிட்டுக் குரல் பதிவு ஒன்று போடுவார்: “ஆச்சி, விதானையாரின்ர கையெழுத்து விடுபட்டிருக்கு. அதை வாங்கிக்கொண்டு, பாங் புத்தகத்தின்ர முன்பக்கமும் கொண்டு வாங்கோ. வியாழன் சேர் இல்லை, வெள்ளி வாங்கோ.” ஆச்சி வெள்ளிக்கிழமை ஊர்காவற்றுறைக்குப் படகேறி வருவார், ஒரே வரவில் அலுவல் முடியும். மூன்று பயணம் ஒன்றாகியது. செலவு ஒரு குரல் பதிவு.

இதை அட்மினார் கண்டுபிடித்தது மாதமுடிவில்தான்.

“மிஸ், எங்கட சேவை பெற்றோர் எண்ணிக்கை விழுந்துபோச்சு. என்ன நடக்குது?”

“மூண்டு தரம் வாறவை ஒரு தரம் வருகினம் சேர்.”

“அது நல்லதுதான். ஆனா வராத ஆளை நான் எந்த நிரல்ல போடுறது? வந்த ஆளைத்தானே எண்ணலாம்?”

மிஸ்ஸிடம் விடை இல்லை. அட்மினாரிடம் இருந்தது. அன்றிரவே ‘தீவகக் கடற்பயணக் குறைப்பு – முன்னோடிக் குழு’ என்று புதிய குறூப் ஒன்று உதயமானது. மிஸ்ஸைக் கேட்காமலே சேர்த்து அட்மினும் ஆக்கிவிட்டார். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு எல்லாவற்றிலுமிருந்தும் பிரதிநிதிகள் சேர்க்கப்பட்டார்கள். முதல் கூட்டத்தை சூமில் வைக்கலாமே என்று ஒருவர் எழுதினார். அட்மினார் ஒப்பவில்லை. வரவுக்குக் கையெழுத்து வேண்டும், சாப்பாட்டுக்கு நிதி ஒதுக்கியாயிற்று, குழுப்படம் இல்லாமல் அறிக்கை போகாது. ஆகவே கூட்டம் யாழ்ப்பாணத்தில், அடுத்த செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு. எல்லோரும் நேரில் வரவேண்டும். முதல் நாளே கடல் தாண்டி வந்து நின்றால் நல்லது.