ராட்சசன் தோட்டத்துக்குப் பட்டா

பிள்ளைகளிடம் சாவைப் பற்றிப் பேசச் சொன்னால் பெரியவர்களுக்கு உடனே வேறு வேலை வந்துவிடும். அதற்காகவே மறைக்கல்வி வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, பாளையங்கோட்டை வெயிலில், பூசை முடிந்த கையோடு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

யோவான் நற்செய்தி 12ஆம் அதிகாரத்துக் கோதுமை மணியில் தொடங்கினேன். மண்ணில் விழுந்து மடிந்தால்தான் விளையும் என்றதுமே ஏழாம் வகுப்புப் பையன் கை தூக்கினான். "செத்த விதை முளைக்காது சார். உயிர் இருக்கிறதுதான் முளைக்கும். போன வாரந்தான் டெஸ்ட் வச்சாங்க."

ஆண்டவருக்கும் அறிவியல் டீச்சருக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பண்ண எனக்குச் சம்பளம் கிடையாது. கதைக்குத் தாவினேன்.

ஆஸ்கர் வைல்ட் 1888இல் வெளியிட்ட சுயநல ராட்சசன் கதை. தோட்டத்தில் விளையாடிய பிள்ளைகளை விரட்டிவிட்டுச் சுவர் எழுப்புகிறான் ராட்சசன். வசந்தம் அந்தப் பக்கமே வர மறுக்கிறது. பனியும் வாடையும் ஆலங்கட்டி மழையும் நிரந்தரமாகக் குடியேறுகின்றன. இந்தக் கொடுமையைக் குரல் நடுங்க விவரித்தேன். வகுப்பே முகம் மலர்ந்தது.

"வருஷம் பூரா ஜில்லுன்னு இருக்குமா சார்?"

டப்ளினில் பிறந்தவருக்குக் குளிர் தண்டனை. பாளையங்கோட்டையில் அது கொடைக்கானல் டூர்.

ராட்சசன் மனம் மாறுகிறான், சுவரை இடிக்கிறான், கிழவனாகிறான். கடைசியில் கைகால்களில் ஆணித் தழும்போடு ஒரு சிறுவன் வந்து தன் தோட்டத்துக்கு அழைக்கிறான். வெள்ளைப் பூக்கள் போர்த்திய மரத்தடியில் ராட்சசன் இறந்து கிடக்கிறான். தன் மகன்களுக்கு இதைச் சொல்லும்போது வைல்டே கண்கலங்கினாராம். நானும் கலங்குவதற்குத் தயாரானேன்.

"என்ன பூ சார்?"

ஜன்னலுக்கு வெளியே கை காட்டினேன். தவக்காலம் முழுக்க இலையைக் கொட்டி, கோயில் பெருக்குகிற அக்காவிடம் ஏச்சு வாங்கிய வேம்பு, துளிர்விட்டு வெள்ளையாகப் பூத்து நின்றது. எந்த மறைக்கல்வி நூலும் எனக்கு இவ்வளவு உதவியதில்லை.

"வேப்பம்பூவா? அம்மா ரசம் வைப்பாங்க."

"பூச்சி அண்டாது சார். நல்ல சாவு."

பின்வரிசையில் ஒருத்தன் மட்டும் தீவிர யோசனையில் இருந்தான். அவன் அப்பா பத்திர எழுத்தர்.

"ராட்சசனுக்குப் புள்ளைங்க உண்டா சார்?"

"இல்லப்பா."

"அப்ப தோட்டம்?"

அவருக்கு மோட்சத்தில் அதைவிடப் பெரிய தோட்டம் கிடைத்துவிட்டது என்றேன்.

"அது சரி சார். இந்தத் தோட்டத்துக்குப் பட்டா யார் பேர்ல மாறும்?"