நெல்லையில் கடை பிடிப்பது எப்படி?

திருநெல்வேலி டவுன் ரத வீதியில் கடை பிடிக்க வேண்டுமா? முதல் வேலையாக எதையும் எழுதி வாங்காதீர்கள். கட்டடக்காரரைப் பார்த்து, “அண்ணாச்சி, நமக்குள்ள என்னத்துக்குப் பத்திரம்?” என்று கேளுங்கள். அவரும் அதைக் கேட்கத்தான் காத்திருந்திருப்பார். எழுத்து இல்லாவிட்டால் வாடகையை வருமான வரிக்குக் காட்ட வேண்டாம் என்பது அவர் கணக்கு. எழுத்து இல்லாவிட்டால் நம்மைக் கிளப்ப முடியாது என்பது உங்கள் கணக்கு. இரண்டு கணக்கும் தப்பு என்று தெரிய நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை தீபாவளிக்கு அல்வாப் பொட்டலம் தவறாமல் கைமாறும்.

உங்கள் கணக்கு அந்தக் காலத்தில் ஓரளவு சரிதான். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, உட்கார்ந்த கடைக்காரரை எழுப்புவதற்குள் வக்கீலுக்கே தலை நரைத்துவிடும். 2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22இல் அமலுக்கு வந்த புதுச் சட்டம் அந்த வசதியைக் கெடுத்துவிட்டது. இப்போது எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை ஆணையத்தில் பதியவும் வேண்டும். ஒப்பந்தம் போடத் தவறியதையே காரணம் காட்டி, காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். கவசம் என்று நினைத்து நீங்கள் மாட்டிக்கொண்டதுதான் கட்டடக்காரர் கையில் இருக்கிற அரிவாள்.

பத்திரம் போட்டே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்கள் பதினொரு மாதத்துக்குப் போடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதியச் சொல்கிறது 1908 பதிவுச் சட்டம். அதற்குப் பயந்து நம் ஊர்க் கடைகளுக்கெல்லாம் வருஷத்துக்குப் பதினொரே மாதம். புதுச் சட்டத்தில் பதினொரு மாதப் பத்திரமும் வாடகை ஆணையத்துக்குப் போயாக வேண்டும் என்று யாராவது சொன்னால், “எங்க அப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான்வே” என்று சொல்லிவிடுங்கள்.

இனி அட்வான்ஸ். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். கட்டடக்காரர் பத்து மாதம் கேட்பார். அதைச் சட்டப்படி வாங்க அவருக்கு வேண்டியது, அவர் வேண்டாம் என்று தள்ளிவிட்ட அந்தப் பத்திரம்தான். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் தொகையை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கட்டடம் கோயிலுடையது என்றால் கதை வேறு. ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகை என்றால் அறநிலையத் துறை ஆணையர் அனுமதி வேண்டும். நெல்லையப்பரிடம் ‘அண்ணாச்சி’ எடுபடாது.

கட்டடக்காரர்களுக்கும் ஒரு யோசனை. ஆளைக் கிளப்ப நோட்டீஸ் எதற்கு? பியூஸ் கட்டையைப் பிடுங்கினால் போதும். ஆனால் கீழ ரத வீதியில் இருட்டுக்கடை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அங்கே இருட்டில் நின்றும் ஜனம் அல்வா வாங்கும். உங்கள் இருட்டுக்கடைக்கோ வாடகை ஆணையத்தின் உத்தரவுதான் வரும். மின்சாரம், தண்ணீரை நிறுத்தினால் மறுபடி கொடுக்க வைக்கவும் அபராதம் போடவும் அதற்கு அதிகாரம் உண்டு. கெடு முடிந்தும் சாவியைத் தராத கடைக்காரருக்கும் கூலி உண்டு: மாதாமாதம் இரட்டை வாடகை. (வாடகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்பதை ஆடிட்டர் சொல்லட்டும். கெட்ட செய்திக்குத்தானே அவருக்கு ஃபீஸ்.)

கடைசியாக, பத்திரத்தில் வெள்ளத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி கேட்டுக்கொண்டா வந்தது? வெள்ளத்தால் கட்டடம் அழிந்தாலோ, நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ குத்தகையை ரத்தாக்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு என்று 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 108ஆவது பிரிவு சொல்கிறது. ‘நிரந்தரமாக’ என்பதைக் கவனியுங்கள். ஜங்ஷனிலோ வண்ணார்பேட்டையிலோ நாலு நாள் சேறு நின்ற கடை அதில் அடங்காது. கடை காய்ந்துவிடும், வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். வயரிங்கை மாற்றுவது யார், துருப்பிடித்த ஷட்டருக்குப் பொறுப்பு யார் என்று பத்திரத்தில் எழுதி இருக்காது.

“கட்டடம் உங்களுதுல்லா அண்ணாச்சி.”

“தண்ணி உம்ம சரக்கைத் தேடில்லா வந்துச்சு.”

சுவரில் இடுப்புயரத்துக்கு நிற்கும் ஈரக்கோட்டை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு கட்டடக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பார்: “அது கெடக்கட்டும், டிசம்பர் வாடகைய எப்பத் தாரீரு?”