தம்பிலுவில் வீதியின் நடுக்கோடு: ஓர் இலக்கண ஆராய்ச்சி

கல்வெட்டுக்கு உரை எழுதியாயிற்று. ஓலைச்சுவடிக்கு உரை எழுதியாயிற்று. உரைக்கு உரையும் எழுதியாயிற்று. நாள்தோறும் ஆயிரம் பேர் மிதித்துச் செல்லும் வீதிக்கோட்டுக்கு மட்டும் எந்தப் புலவரும் உரை காணவில்லை. அக்குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை.

முதலில் ஆய்வின் எல்லை. வடக்கே தம்பட்டை, தெற்கே திருக்கோவில், கிழக்கே கடல், மேற்கே வயல். இந்த நான்குக்கும் நடுவே ஏ4 வீதி போகிறது. கொழும்பில் புறப்பட்டு, இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று நாட்டையே ஒரு சுற்றுச் சுற்றி, அக்கரைப்பற்று, கல்முனை தாண்டி மட்டக்களப்பில் முடியும் வீதி அது. இலங்கையின் ஏ தர வீதிகளில் இதுவே நீளமானது. இத்தனை நீளமான வீதி இவ்வளவு சின்ன ஊரின் வழியாகப் போவதனால், ஊர்க்காரர் அதைத் தங்கள் முற்றத்தின் தொடர்ச்சியாகவே கருதுகின்றனர். இக்கருத்துக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. ஊரில் நிறைய உண்டு.

முன்னாய்வுகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். நடுக்கோட்டின் பிறப்பு 1911 இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். எட்வர்ட் ஹைன்ஸ் என்ற வீதி அதிகாரி, பால் வண்டியொன்று வழியெல்லாம் பாலை ஒழுகவிட்டுச் சென்றதைப் பார்த்து இந்த யோசனைக்கு வந்தார் என்று சொல்லப்படுகிறது. எந்தத் தலத்துக்கும் ஒரு தலபுராணம் வேண்டும், கோட்டுக்கு இது. 1917 இல் கலிபோர்னியாவில் ஜூன் மக்கரோல் என்ற பெண் மருத்துவரின் காரை ஒரு லொறி வீதியை விட்டே ஒதுக்கித் தள்ளியது. அவர் மனு எழுதி அலுத்து, தானே பெயின்டும் தூரிகையும் எடுத்து வெள்ளைக்கோடு போட்டார் என்பர். 1924 இல் அந்த மாநில அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஆக, கோடு என்பது லொறிக்காரருக்கு எதிராக ஒரு டொக்டரம்மா எழுதிய மருந்துச் சீட்டு. நம் பக்கத்துக்கு வந்தால், 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இன்றும் மூலநூல். அதே 1951 ஒக்டோபரில்தான் இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில் முதலாவது வரிக்குதிரைக் கடவை தீட்டப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரே ஆண்டு இரண்டு முறை வந்தால் அதைச் சுட்டாமல் விடுவது மரபன்று.

இனி இலக்கணம். விட்டுவிட்டு வரும் கோடு குறில். எதிரே வெளி என்றால் அதைக் கடந்து முந்தலாம், மீண்டும் இடப்பக்கம் வந்து சேரவேண்டும். விடாமல் வரும் கோடு நெடில். அதைக் கடக்கலாகாது, வளைவிலும் பாலத்தடியிலும் மேட்டிலும் அது நீண்டு கிடப்பது முன்னால் வருவது உங்கள் கண்ணுக்குத் தெரியாது என்பதனால். ஒன்று குறிலும் ஒன்று நெடிலுமாக இரட்டையாய் வருவது சார்பெழுத்து. உங்கள் பக்கத்தில் குறில் இருந்தால் உங்களுக்கு வழி, நெடில் இருந்தால் எதிரே வருபவருக்கு மட்டும். ஒரே கோடு ஒருவருக்கு ஆம், மற்றவருக்கு இல்லை. லேர்னர்ஸ் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் சூத்திரம் இது. நான்காவதாக, எந்தப் புத்தகமும் கூறாத ஒரு வகை உண்டு. மாட்டின் குளம்பும் லாண்ட்மாஸ்டர் சில்லும் கடற்கரை மணலும் தேய்த்துத் தேய்த்து, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி அரை மாத்திரையாகக் குறைந்து நிற்கும் கோடு. அதைக் குற்றியலுகரம் என்று வகுப்பதே பொருத்தம்.

தேய்ந்தாலும் அது வெறும் பெயின்ட் அல்ல. காபெட் வீதியில் போடுவது சூட்டில் உருக்கி ஊற்றும் ஒரு வகைப் பிளாஸ்டிக் கலவை. அது இறுகுமுன் பொடிக் கண்ணாடி மணிகளை மேலே தூவுவார்கள். பகலில் அந்தக் கோட்டை விரலால் தடவினால் சீனியைத் தொட்டது போல் நறநறக்கும். இரவில் வாகன வெளிச்சம் அந்த மணிகளுக்குள் புகுந்து திரும்பி ஓட்டுபவர் கண்ணுக்கே வருகிறது. பின்விளக்கு இல்லாத லாண்ட்மாஸ்டரும் சூடான தாரில் படுத்திருக்கும் கறுத்த எருமையும் உள்ள வீதியில், இந்த ஒரு விடயத்தில் மட்டும் ஆய்வாளர் பகிடி பேசத் தயாரில்லை.

மூலநூலும் வழக்கும் மோதும் இடத்துக்கு வருவோம். பெரும்போக அறுவடைக் காலம். வீதியின் ஒரு பாதி முழுக்கப் படங்கு விரித்து நெல் காய்கிறது. ஓரத்தில் கல், அதன் மேல் தென்னம்மட்டை, அதற்கும் முன்னால் ஒரு பழைய டயர். இவை மூன்றும் சேர்ந்ததே உள்ளூர் எச்சரிக்கைச் சமிக்ஞை. நெற்காரர் காலால் நெல்லைத் துழாவி வரிவரியாகக் கீறிக்கொண்டு நடக்கிறார். அந்த வரிகளும் வீதிக்குச் சமாந்தரமாகவே ஓடுவதனால், அந்த நாட்களில் ஏ4 வீதிக்கு முப்பது நாற்பது தடங்கள் இருப்பதாகத் தோன்றும். இதற்குள் எல் போட் கட்டிய கார் ஒன்று மெதுவாக வருகிறது. ஓட்டுவது தம்பிலுவில் பிள்ளை, பக்கத்தில் அக்கரைப்பற்று ஆசிரியர்.

“பிள்ளை, கோட்டுக்கு இடப்பக்கம் எடுங்க.”

“இடப்பக்கம் நெல்லு கிடக்கு, சேர்.”

“அப்ப ஹோர்ன் அடிங்க.”

“எப்பிடி சேர் அடிக்கிற? நெல்லுக்க நிக்கிறது எங்கட மாமா.”

ஆசிரியர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். “அண்ணன், கொஞ்சம் வழி விடுங்களன்.” மாமா படங்கின் மூலையை ஒரு முழம் மடித்தார். கார் போனது. சட்டப் பிரிவு எதுவும் மேற்கோள் காட்டப்படவில்லை.

இக்காட்சியைச் சாதாரண விதிமீறல் என்று தள்ளிவிடுபவர் மட்டக்களப்புத் தேசத்தின் வரலாற்றை வாசிக்காதவர். எவர் முந்தி, எவர் பிந்தி என்பதை இந்தக் கரை நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. இங்கே குடி என்பது தாய்வழி வருவது. கோவில் திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடிக்கு, கோவில் மரியாதையான காளாஞ்சி யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்பதெல்லாம் வரையறை உள்ள விடயங்கள். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ குடிகளையும் கோவில் உரிமைகளையும் பேசுகிறது. அக்கரைப்பற்றிலும் தம்பிலுவிலிலும் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்தக் குடி முறையை வைத்து ஒரு தடித்த புத்தகமே எழுதி 2008 இல் வெளியிட்டார். வீதியை அவர் தொடவில்லை. தொட்டிருந்தால் புத்தகம் இரண்டு பாகமாகியிருக்கும். காளாஞ்சிக்கே இத்தனை ஒழுங்கு வைத்திருக்கும் சமூகம், சந்தியில் யார் முதலில் போவது என்பதை ஒரு வெள்ளைக் கோட்டிடம் ஒப்படைத்துவிடும் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் எதிர்பார்த்தது பெரிய துணிச்சல்.

ஆகவே இக்கட்டுரையின் துணிபு இது: தம்பிலுவிலில் யாரும் கோட்டை மீறுவதில்லை; கோட்டுக்கு முன்னே முறை வந்து நிற்கிறது. பிரேத ஊர்வலத்துக்கு எல்லாரும் ஒதுங்குவர், பஸ்காரர் உட்பட. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவில் போகும் கூட்டத்துக்கு வீதி முழுவதும் சொந்தம். வடக்கிலிருந்து வேலும் கையுமாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரைக்காரர் ஓரமாக ஒற்றை வரிசையில் போகின்றனர். நாட்டில் தட ஒழுக்கம் பிசகாமல் காக்கும் ஒரே பிரிவினர் அவர்கள்தான், அவர்களிடம் வாகனமும் இல்லை, லைசன்ஸும் தேவையில்லை. காலையில் அக்கரைப்பற்றிலிருந்து றெஜிபோம் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வரும் மீன் காக்காவுக்கு முன்னுரிமை உண்டு, மீன் காத்திராது என்பதனால். அவர் எதிர்ப்பக்கத்தில் வந்தாலும் “வாங்க காக்கா” என்று வழிவிட்டு, அப்படியே சூரை என்ன விலை என்றும் கேட்பார்கள். அதற்குள் பின்னால் மூன்று வாகனம் நிற்கும். மாடு இந்த அட்டவணைக்கு வெளியே. அது தானாக எழும்பும்வரை பேச்சில்லை.

தடம் பிரிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 செப்டம்பரில் கொழும்பின் பிரதான வீதிகளில் பொலிஸார் தடச் சட்டத்தை இறுக்கினர். பஸ், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் இடப்பக்கத் தடத்துக்கு என்றாயிற்று. தம்பிலுவில் மக்கள் அதைத் தொலைக்காட்சியில் அக்கறையோடு பார்த்தனர். ஒரு பக்கத்துக்கு ஒரே தடம் உள்ள ஊருக்கு அது பிறதேச வரலாறு. ஆனால் கட்சி பிரித்து நடுவில் ஒரு எல்லை வைப்பது இந்த ஊருக்குப் புதிதன்று. கண்ணகி அம்மன் பேரில் கொம்புமுறி விளையாடிய காலத்தில் வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து, இரண்டு கொம்புகளைக் கொளுவி, ஒன்று முறியும்வரை வடம் பிடித்து இழுத்தது. பொத்துவில் பஸ்ஸும் கல்முனை பஸ்ஸும் ஒரு படங்குக்கு இரண்டு பக்கமும் வந்து நின்று, இருவரும் பின்னெடுக்க மறுக்கும்போது, அந்த மரபு முற்றாக அழியவில்லை என்று அறிகிறோம்.

இவ்வளவையும் எழுத்துப் பரீட்சை கணக்கில் எடுப்பதில்லை. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் தெரிவுகள், சரியானதைக் குறிக்க வேண்டும். படத்தில் உள்ள வீதியில் நெல் இல்லை, மாடு இல்லை, சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. அப்படியொரு வீதி கிழக்குக் கரையில் எங்கே இருக்கிறது என்று ஆய்வாளர் சங்கமன்கண்டி வரை, அதாவது தீவின் கிழக்கு முனை வரை, போய்ப் பார்த்தும் காணவில்லை. ஆகவே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மேலான கவனத்துக்கு 41 ஆவது கேள்வியொன்று இத்தால் சமர்ப்பிக்கப்படுகிறது.

நேரம் மாலை ஐந்து மணி. நடுவில் விடாத கோடு. உங்கள் இடப்பக்கத்தில் படங்கும் நெல்லும். எதிரே லாண்ட்மாஸ்டர், பெட்டியில் மூட்டைகளின் மேல் உங்கள் தாய்மாமன். பின்னால் கல்முனை பஸ் விடாமல் ஹோர்ன் அடிக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது யாது? (1) கோட்டைத் தாண்டாமல் நிறுத்துதல். (2) சிக்னல் போட்டுக் காத்திருத்தல். (3) “மாமா” என்று கூப்பிடுதல். (4) மேற்கூறிய மூன்றும், ஆனால் மூன்றாவதை முதலில்.